புளிக்காத புளிச்சகீரை

குறை கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. தாம்பரத்தில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். ஒரு தையல் விட்டிருந்தாலும், ஒரு பட்டன் நூலளவு தள்ளியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் எனக்கு அதே கண்தான் என்று தம்பி கிண்டல் செய்வான். நான் உள்ளே நுழைந்தால், "அக்கா வந்துட்டா, எல்லாரும் காலரைச் சரி பண்ணிக்குங்க" என்பான். வீட்டில் இருந்தது அவனும் அம்மாவும் மட்டும்தான். இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு கஞ்சாச் செடியைப் புளிச்சகீரை என்று நம்பித் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். இதுவரை இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி என்னைவிட ஒன்பது வயது சின்னவன். திருமுடிவாக்கத்தில் இரும்பு கேட், ஷெட் எல்லாம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டராக இருந்தான். முடிச்சூரில் எங்களோடுதான் இருந்தான், என் வாய் தாங்காமல் ஊரப்பாக்கத்தில் தனி ரூம் எடுத்துப் போகும்வரை. வேலைக்குப் போய்வர வசதி என்று காரணம் சொன்னான். ஊரப்பாக்கத்திலிருந்து திருமுடிவாக்கம் இன்னும் தூரம். அவன் தேடிய வசதி எது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்கு வருவான். பூசை முடிந்ததும் எங்களோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கட்டில் இருக்க வெறும் தரையில் படுத்துவிடுவான். "கண்ணைப் பாரு, மிளகாய்ப் பழம் மாதிரி. விடிய விடிய போனைத் தேய்ச்சா வேற எப்படி இருக்கும்" என்று ஆரம்பிப்பேன். சிரிப்பான். பதில் பேசவே மாட்டான். அதில் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

போன ஜூலையில் ஒரு மழை நாளில், ஜி.எஸ்.டி. ரோட்டில் அவன் வண்டி சறுக்கிவிட்டது. அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அடக்கம் முடிந்த ஆறாம் நாள், அவன் ரூமைக் காலி செய்ய அம்மாவும் நானும் ஊரப்பாக்கம் போனோம். சொல்லிக்கொள்ளும்படி அங்கே ஒன்றுமில்லை. நாலு பேண்ட், ஒரு ஸ்டவ், நான் தைத்துக் கொடுத்து அவன் போடாமலே வைத்திருந்த இரண்டு சட்டை. சுவரோடு கட்டிய அலமாரியின் கதவை மட்டும் திறக்க முடியாதபடி ஒரு துணியைச் செருகி அடைத்திருந்தான். அதை இழுத்ததும் உள்ளே வெளிச்சம். பிரியாணி பார்சல் கட்டுகிற வெள்ளி ஃபாயிலை நாலு பக்கமும் ஒட்டி, மேலே ஒரு எல்.இ.டி. லைட்டைத் தொங்கவிட்டிருந்தான். கீழே ஒரு தயிர் வாளியில் ஒரு செடி. ஆறு நாள் தண்ணீர் இல்லாமல் இலையெல்லாம் தொங்கிப் போயிருந்தது.

அம்மா கையிலிருந்த தண்ணி பாட்டிலை அப்படியே அதில் கவிழ்த்தாள். நாங்கள் துணி மடித்து, பாத்திரம் கட்டி, வீட்டு ஓனரிடம் சாவியைக் கொடுக்கப் போவதற்குள் அந்த இலைகள் ஒவ்வொன்றாக எழுந்துவிட்டன. அம்மா அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு நாளாக அழுது அழுது குரலே போயிருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"புளிச்சகீரை வச்சிகினு இருந்திருக்கான் பாருடி. எங்கிட்ட கேட்டா கடைஞ்சி குடுத்திருக்க மாட்டேனா?"

விரல் விரித்த மாதிரி இலை. புளிச்சகீரைக்கும் அப்படித்தான் இருக்கும். அவனுக்குப் புளிச்சகீரைக் கடைசல் என்றால் உயிர். அம்மா ஒரு சின்ன இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"புளிப்பே இல்ல."

"அப்ப வேற ஏதாவது செடியா இருக்கும்மா."

"நெழல்ல வளந்தது எப்டிடி புளிக்கும்? வெயில் பட்டாதான புளிக்கும்" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது யோசித்தால், கீரை ஆய்ந்தே கை தேய்ந்த ஒருத்திக்குப் புளிச்சகீரைத் தண்டில் சொரசொரவென்று முள் இருக்கும் என்று தெரியாதா? தெரியும். அன்றைக்கு அவளுக்கு அது புளிச்சகீரையாக இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்களிடம் தம்பியின் பொருள் என்று அதிகம் கிடையாது. முடிச்சூரை மூழ்கடித்த அந்தப் பெரிய வெள்ளத்தில் நாங்கள் கீழ்த்தளத்தில் இருந்தோம். ஆல்பம், அவன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மை போட்டோ, ஸ்கூல் சர்டிஃபிகேட் எல்லாம் சேறாகிவிட்டன. இப்போது இரண்டாவது மாடியில் இருக்கிறோம், காப்பாற்றத்தான் ஒன்றுமில்லை. அதனால் அந்தத் தயிர் வாளியை அம்மா மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தபோது நான் தடுக்கவில்லை. லைட்டையும் கழற்றி எடுத்து வந்தோம்.

செடியை அவன் சும்மா விட்டிருக்கவில்லை. நடுத்தண்டை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாளியின் விளிம்பில் ஓட்டை போட்டு, பச்சை வயரால் கட்டியிருந்தான். பட்டறையில் வெட்டிப் போடும் எர்த் வயர் துண்டுகள். தண்டைச் சுற்றி இறுக்காமல், ஒரு கொக்கி மாதிரி மாட்டியிருந்தான். ஒவ்வொரு துண்டின் முனையையும் உள்பக்கமாக மடித்து விட்டிருந்தான், கை வைத்தால் குத்தாதபடி. இத்தனை வருஷம் அவனோடு சண்டை போட்ட நான், அந்த மடித்த முனைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். அவன் வேலை அப்படித்தான். கேட் செய்தாலும் மூலையில் கை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவான்.

"புள்ளைய எதுக்குக் கட்டிப் போட்டுகீறான்? அவுத்து வுடு" என்றாள் அம்மா.

அவிழ்க்கப் போனேன். அதற்குள் அவன் பையில் ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. அதில் செடியின் பேர் எங்கேயும் இல்லை, செடி என்றுதான் எழுதியிருந்தான். கையெழுத்து கோணல் மாணலாக இருந்தாலும் விஷயம் தெளிவாக இருந்தது. நடுத்தண்டு மேலே போய்க்கொண்டே இருந்தால் பக்கக் கிளைகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. அதைச் சாய்த்துவிட்டால், கீழே அமுங்கிக் கிடக்கிற கிளையெல்லாம் நான்தான் தலை என்று நினைத்துக்கொண்டு எழுந்து வரும். வெட்டக் கூடாது, உடைக்கக் கூடாது, ஒரே நாளில் வளைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் தண்டு கொஞ்சம் தளர்வாக இருக்கும்போது விரலால் நீவி நீவி, இன்றைக்கு ஒரு விரல், மூன்று நாள் கழித்து ஒரு விரல். "எதிர்த்தா விட்டுடு. அடுத்த நாள் பாரு" என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு, நான் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துக்கொண்டேன். ஒரு செடியை வளைப்பதற்கு இத்தனை பொறுமை இருந்த வீட்டில்தான் நானும் இருந்தேன்.

அதிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு அவன் சொல்லியிருந்தபடி தண்டை நீவுவேன். பழைய வயரைத் தளர்த்தி, அடுத்த ஓட்டைக்கு மாற்றிக் கட்டுவேன். ஒரு தடவை அவசரப்பட்டு ஒரு கிளையை அழுத்திவிட்டேன், முறுக் என்று சத்தம். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அடிபட்ட இடத்தில் செல்லோ டேப் சுற்றினேன். நல்லவேளை, ஒரு வாரத்தில் அந்த இடம் முடிச்சு மாதிரி தடித்து, பிழைத்துக்கொண்டது. அந்த ஒரு வாரமும் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் தயிர் வாளிக்குக் கீழே வேர் எட்டிப் பார்த்தது. நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. மாற்றுவதற்கு முந்தின நாள் தண்ணீர் விடாதே. தண்டைப் பிடித்துத் தூக்காதே. விரல்களுக்கு நடுவே தண்டு வரும்படி மண்ணின் மேல் கையை வைத்து, வாளியைக் கவிழ்த்துத் தட்டு. எந்த வாளிக்கு மாற்றுவது என்றுகூட முடிவு செய்து, இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றில் சூடு காட்டிய கம்பியால் ஓட்டை போட்டு ரூமிலேயே வைத்திருந்தான். அதையும்தான் எடுத்து வந்திருந்தோம், துணி ஊற வைக்க ஆகும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து ஹாலில் பேப்பரை விரித்தோம். நான் கவிழ்த்தேன், அம்மா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். வாளி கழன்றதும் மண்ணைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று வேர். சுற்றிச் சுற்றிப் போக இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று படர்ந்திருந்தது.

"இன்னாடி இது, இவ்ளோ வேரு. எடம் பத்தாம தவிச்சிகினு இருந்திருக்குது" என்றாள் அம்மா.

பெரிய வாளியில் இறக்கி, சுற்றிலும் மண் போட்டு, லேசாக அமுக்கினோம். இரண்டு நாள் செடி தலை கவிழ்ந்து கிடந்தது. மாற்றி வைத்தால் அப்படித்தான் வாடும், பயப்படாதே என்று நோட்டில் இருந்ததை அம்மாவுக்கு நாலு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் காலையில் எல்லா இலையும் லைட்டைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. அன்றைக்கு அம்மா மறுசோறு போட்டுச் சாப்பிட்டாள். ஜூலைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. செடியில் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டிருந்தாள், கடைசலுக்கு வேண்டுமானால் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாமாம்.

செப்டம்பர் கடைசியில் தம்பியோடு பட்டறையில் வேலை செய்தவர் ஒருவர் வந்தார். லாக்கரில் இருந்த அவன் சாமான்களைக் கொடுக்க வந்தார். ஒரு டிபன் பாக்ஸ், பொசுங்கிய கையுறை, ஒரு துண்டு. அம்மா அவரை உட்கார வைத்து, எல்லாரையும் கூட்டிப்போவது போல அவரையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்ச் செடியைக் காட்டினாள். எம்புள்ள வச்சது என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். குறை பார்க்கிற கண் ஆயிற்றே. அம்மா காபி போடப் போனதும் அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. இது இன்னான்னு தெரியுமா?"

"புளிச்சகீரை."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இல்லக்கா. கஞ்சா."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எங்கள் கம்பெனி டி-ஷர்ட் ஞாபகம். ஏதோ ஒரு நாட்டுக்கு நெஞ்சு நிறைய இந்த இலையைப் போட்டு நாங்கள் அடித்து அனுப்பியிருக்கிறோம். ஏழு விரலில் ஒரு விரலில் மை கசிந்திருந்தாலும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஏதோ இலை என்றுதான் நினைத்தேன். நூற்றுக்கணக்கில் பார்த்த இலை தினமும் சாயந்திரம் என் கையில் இருந்திருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை.

"வித்தானா?" என்று கேட்டேன்.

"ஐயோ, விக்கல்லாம் இல்லக்கா. இதான் அவனுக்கு மொத செடி. போன்ல பாத்துப் பாத்து வளத்தான். ஒரு எலகூட பறிக்கல."

"விதை யாரு குடுத்தா?"

"அது தெர்லக்கா."

"போலீஸ் கீலீஸ்னு ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வலிக்கா. வலி தாங்காம கஷ்டப்பட்டுகினு இருந்தான். படுத்தா தூக்கம் வராது. இது வச்சிகினா நல்லாயிரும்னு எவனோ சொல்லிகீறான்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான். சீக்கிரம் எடுத்துடுங்கக்கா. வூட்ல இருந்தா பேஜாரு."

அம்மா காபியோடு வந்தாள். அவர் குடித்துவிட்டு, செடி நல்லா இருக்குதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது வந்த கோபம் இருக்கிறதே, அவன் உயிரோடு இருந்திருந்தால் அடித்திருப்பேன். ஒரு வெள்ளம் எல்லாவற்றையும் கொண்டுபோய், மிச்சமிருந்த ஒருவன் போய், அவன் விட்டுப்போனது என்று அம்மா கையில் இருப்பது ஒரே ஒரு செடி. அதுவும் ஜெயிலுக்கு அனுப்புகிற செடி. மறுநாளே நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். கத்தரியைத் தண்டில் வைத்தேன். டேப் சுற்றிப் பிழைக்க வைத்த அந்த முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. என்னால் முடியவில்லை.

வாடிப்போனது என்று சொல்லிவிடலாம், தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடலாம் என்று திட்டம் போட்டேன். அம்மா இருக்கும்போது அது நடக்கிற காரியமா? அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், பத்துப் பெண்கள் நடுவில், அதை அறிவித்தாள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எல்லாரும் பூமாலை வாங்கிப் போடுவார்கள். அவள் மகனுடைய கல்லறைக்குத் தலைமாட்டில் அவன் வைத்த செடியையே நடப்போகிறாள். சிமெண்ட் கட்டாத மண் மேடுதான், நன்றாக வேர் பிடிக்கும். அன்பியத்துப் பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கல்லறைத் திருநாளில் ஊரே அங்கே நிற்கும். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், "அம்மா, அது வீட்டுக்குள்ளயே லைட்ல வளந்த செடி. வெயில்ல வச்சா செத்துடும்."

"அவனே வெயில்லதான படுத்துகினு கீறான்" என்றாள் அம்மா.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். அம்மா தன் பிள்ளையை நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையும் கூடவே வரும். குடிக்காத பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தவறாத பிள்ளை என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பது எல்லாம் வாயோடு நின்றுபோகும். அவனை வீட்டைவிட்டு நான் துரத்தினேன். அவள் மனசிலிருந்தும் நானே துரத்த வேண்டுமா?

முடிச்சூரில் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற நிலத்தில் ஒருவர் இன்னும் கீரை போடுகிறார். அவரிடம் போய் வேரோடு ஒரு புளிச்சகீரைச் செடி கேட்டேன். எதற்கு ஒரு செடி, கட்டாக வாங்கிக்கங்க என்றார். வீட்டில் இருக்கிற செடிக்கு ஜோடியா வேணும் என்று உளறினேன். அதை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வாளியில் வைத்து, தம்பியின் நோட்டில் இருந்தபடியே வளைக்க ஆரம்பித்தேன். துணி காயப்போடுகிற சாக்கில் தினமும் போய் நீவினேன். புளிச்சகீரைத் தண்டு நார், சுலபத்தில் உடையாது, சொன்னபடி கேட்டது. முள்தான் விரலைக் கீறியது. கீறல்களைப் பார்த்து, கம்பெனியில ஊசி ஜாஸ்தி குத்துதா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். அக்டோபர் முடிவதற்குள் பக்கக் கிளைகள் எழுந்து, தூரத்திலிருந்து பார்த்தால் கீழே இருக்கிற செடியின் சாயல் வந்துவிட்டது. நல்ல செக்கருக்கு ஒரு நொடியில் வித்தியாசம் தெரியும். அம்மாவுக்குக் கண்புரை ஆரம்பித்திருந்தது, அதை நம்பினேன்.

இரண்டாம் தேதி காலை. தூறல் விட்டிருந்த நேரம். அம்மாவை மெழுகுவர்த்தி, பூ, ஊதுபத்தியோடு கீழே போய் ஆட்டோவில் உட்காரச் சொன்னேன். தம்பியின் செடியிலிருந்த பச்சை வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பெயிண்ட் வாளியைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். மாடிக்கு ஓடி, அந்த வயர்களைப் புளிச்சகீரையில் மாட்டினேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வாளியைத் துணியால் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லாக் கல்லறைக்கும் புதுச் சுண்ணாம்பு, சாமந்தி, குடைக்குக் கீழே அணையாமல் காக்கிற மெழுகுவர்த்திகள். தம்பியின் மேடு மழையில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. அம்மா யாரையும் தொட விடாமல் தானே கரண்டியால் குழி தோண்டினாள். நான் வாளியைக் கவிழ்த்தேன், அவள் ஏந்திக்கொண்டாள், ஹாலில் செய்தது போலவே. குழியில் இறக்கி மண்ணை மூடினாள். பிறகு, குழந்தையின் சட்டையைச் சரி செய்வது போல, கிளைகளையும் வயர்களையும் தடவிக்கொண்டே வந்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

அவசரத்தில் நான் முனைகளை மடிக்கவில்லை. எல்லா வயரும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அம்மா அந்த முனையைப் பார்த்தாள். தண்டில் கையை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக ஒரு தரம் தடவினாள், முள் இருக்கிற இடமெல்லாம். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மண்ணைப் பார்த்தேன்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த அன்பியத்துப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "இதான் உங்க பையன் வச்ச செடியா?" என்று கேட்டாள்.

"ஆமா. எம்புள்ள வச்சதுதான்" என்றாள் அம்மா.

ஃபாதர் வந்தார், ஜெபித்தார், தீர்த்தம் எங்கள் மேலும் செடியின் மேலும் விழுந்தது. வயர் முனைகளை ஒவ்வொன்றாக அம்மாவே உள்பக்கம் மடித்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்.

"அது எங்கடி?"

"பாத்ரூம்ல."

கதவைத் திறந்தாள். கட்டு இல்லாமல் செடி அப்படியே வளைந்து நின்றது. அவிழ்த்துவிட்டால் நிமிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. இத்தனை மாதம் படுத்திருந்த தண்டு கட்டையாகி அப்படியே நின்றுவிட்டிருந்தது. என் கோபம், என் திட்டம் எல்லாம் வடிந்துபோய், நான் குளியலறை வாசலில் நின்று அழுதேன்.

"அது கஞ்சாம்மா. எனக்கு முதல்ல தெரியாது. அவன் விக்கலம்மா, அதுமேல சத்தியம். அவனுக்கு வலி இருந்துச்சாம். வலி தாங்காம, தூக்கம் வராம, இது ஆகும்னு யாரோ சொல்லி வச்சிருக்கான். டிபன் பாக்ஸ் கொண்டுவந்தாரே, அவர்தான் சொன்னாரு."

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் வாளிக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்து, வளைந்த தண்டை நீவிக்கொண்டிருந்தாள்.

"எங்க வலிச்சுதாம் அவனுக்கு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. வித்தானா என்று கேட்டேன். விதை கொடுத்தது யார் என்று கேட்டேன். போலீஸ் என்று கேட்டேன், வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அந்த மனிதர் வலி, வலி என்று வாய்விட்டுச் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவே இல்லை. அம்மாவுக்கு ஒரு நொடியில் தோன்றியது எனக்கு ஐந்து வாரமாகத் தோன்றவில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அன்று மதியமே அம்மா செடியை வேரோடு எடுத்தாள். அந்த வேர் உருண்டையைத் தண்ணீரில் அலசி, வேர், தண்டு, இலை எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக வெட்டி, வாளி மண்ணுக்குள்ளேயே போட்டுக் கிளறி மூடினாள். ஒரு இலைகூட வெளியே தெரியவில்லை. நான் பால்கனிக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன். வெல்டிங் சத்தத்துக்கு நடுவில் எடுத்தார். கேட்டேன்.

"அவன் வலிக்குதும்பான், அவ்ளோதாங்கா" என்றார். "எங்கன்னு நானும் கேக்கலக்கா."

உள்ளே வந்தேன். அம்மா கையைக் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில். என் முகத்தையே பார்த்தாள்.

"முதுகுல வலிச்சுதாம், அம்மா" என்றேன்.

அம்மா மெதுவாகத் தலையாட்டினாள். "நெனச்சேன்" என்றாள். "சின்னப் புள்ளைலயே நேரா உக்கார மாட்டான்."